அறுந்த கம்பி எந்தப் பக்கம் பாயும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கும், ஆள்களும் வேலையில்லாமல் வீட்டுத் திண்ணைகளில் கிடப்பார்கள். அப்படி ஒரு சாயங்காலம் பாம்பனில் அண்ணன் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் என்றால் பெரியப்பா மகன். டெக்சாஸ் பக்கம் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மற்றவர்கள் டிவியும் மிக்சியும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு பெடல் ஸ்டீல் கிட்டாரைப் பெட்டியில் பூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

அன்றைக்குப் புதுக் கம்பி மாட்டிச் சுருதி ஏற்றிக்கொண்டிருந்தார். கம்பி ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று, சுருதி கூட்டும் சாவிப் பக்கம் குனிந்தார். ‘டிக்’ என்று ஒரு சத்தம், நகம் வெட்டுகிற மாதிரி. நிமிர்ந்தபோது கன்னத்தில் ஒரு சிவப்புக் கோடு, அதில் ரத்தம் பொட்டுப் பொட்டாகத் துளிர்த்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் இடது கண்ணாடியில் மெல்லிய கீறல். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

பக்கத்தில் இருந்த மாமா விசைப்படகு டிரைவர். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்: “ஏன் மாப்ள, இழுபடுற ரோப்புக்கு நேரா எவனாச்சும் மூஞ்சியக் கொண்டுபோய் வைப்பானா?”

அந்தக் கேள்வியை நான் விடவில்லை. கோயில் பாடகர் குழுவில் இருக்கிற இரண்டு கிட்டாருக்கும் கம்பி மாட்டுகிறவன் நான். இத்தனை வருஷத்தில் எந்தப் பக்கம் நின்று மாட்ட வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் யாருக்கும் சொன்னதில்லை. படகில் கயிறு இழுக்கும் வின்ச் ஓடும்போது எங்கே நிற்கக் கூடாது என்பது சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும்.

பெடல் ஸ்டீலைப் பார்க்காதவர்களுக்கு: கோட்டுவாத்தியம் பார்த்திருந்தால் பாதி புரிந்துவிடும். விரலால் கம்பியை அமுக்குவதில்லை. இடது கையில் பிடித்த கட்டையைக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பது. கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டை என்றால் இதில் கனமான எஃகு உருளை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய்த் தீவில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர் கிட்டாரை மடியில் கிடத்தி எஃகால் வழுக்கி வாசித்ததிலிருந்து இந்த வம்சம் கிளைத்தது. நம்மூர் மெல்லிசைக் கச்சேரிகளில் ஒரு காலத்தில் அழுது வடிந்த ஹவாயன் கிட்டாரும் அதே வம்சம். அமெரிக்கர்கள் அதற்கு நான்கு கால் வைத்து மேசையாக்கினார்கள், கம்பியைப் பத்தாக்கினார்கள், கீழே மிதிகளையும் முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களையும் தொங்கவிட்டார்கள். ஒரு மிதியை மிதித்தால் கம்பிகள் எல்லாம் இல்லை, குறிப்பிட்ட ஒன்றிரண்டு மட்டும் சுருதி ஏறும். மற்றவை அப்படியே நிற்க, நடுவில் ஒரு சுரம் மட்டும் நழுவி மேலே போகும். 1950களின் நடுவில் அமெரிக்காவின் நாஷ்வில்லில் பட் ஐசக்ஸ் என்ற வாத்தியக்காரர் ஒரு பதிவில் இப்படி வாசித்துக் காட்டிய பிறகு, ‘கன்ட்ரி’ எனப்படும் அந்நாட்டுக் கிராமிய இசைக்காரர்கள் எல்லாருக்கும் அந்தச் சத்தம் வேண்டியதாகிவிட்டது.

காதுக்கு இனிமையான அந்த நழுவல்தான் கம்பிக்கு எமன். சாதாரணக் கிட்டாரில் ஒருமுறை சுருதி கூட்டினால் இழுவை பெரும்பாலும் அங்கேயே நிற்கும். இதில் ஒரு பாட்டுக்குள்ளேயே கம்பி எத்தனையோ முறை இழுபட்டுத் தளர்கிறது. அதுவும் முறியும் எல்லைக்குப் பக்கத்திலேயே.

கொஞ்சம் கணக்குப் போடலாம். பெடல் ஸ்டீலில் பரவலாக இருக்கும் ஈ-ஒன்பது என்ற சுருதி அமைப்பில் அதிக உச்சத்தில் ஒலிப்பது முதல் கம்பி இல்லை, மூன்றாவது. அதன் சுருதி ஜி ஷார்ப், விநாடிக்கு 415 அதிர்வு. கம்பியின் கனம் வழக்கமாக 0.011 அங்குலம், அதாவது 0.28 மில்லிமீட்டர். அதிரும் நீளம் 24 அங்குலத்தை ஒட்டி. இவ்வளவு மெல்லிய கம்பி அந்தச் சுருதிக்கு வர ஏறக்குறைய 13 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு இழுவை வேண்டும். அரைச் சுரம் ஏற்றும் மிதியை மிதித்தால் 14 கிலோவைத் தாண்டும். பக்கத்து நான்காம் கம்பியிலும் இழுவை கிட்டத்தட்ட 13 கிலோதான். ஆனால் அது தடித்த கம்பி, அதனால் சுமை பரவிவிடுகிறது.

ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு என்று பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரின் முதல் கம்பியில் ஏறக்குறைய 145 கிலோ. பெடல் ஸ்டீலின் மூன்றாம் கம்பியில் 210, மிதியை மிதித்தால் 235. இந்த மெல்லிய இசைக்கம்பி எஃகு புதிதாக, கீறல் இல்லாமல், நேராக இழுக்கப்படும்போது தாங்குவது 270ஐ ஒட்டி. மீதி இருக்கும் இடைவெளி அவ்வளவுதான்.

“அப்படியானால் தடித்த கம்பி போட்டால் அறாதே” என்று திண்ணையிலேயே ஒருவர் சொன்னார். யாருக்கும் தோன்றும் யோசனைதான், ஆனால் எடுபடாது. கம்பி தடிக்கத் தடிக்க அதே சுருதிக்கு வர அதிக இழுவை வேண்டும். பலம் எவ்வளவு கூடுகிறதோ, சுமையும் அதே விகிதத்தில் கூடிவிடும். ஒரு நீளத்தில் ஒரு உலோகத்தால் எட்ட முடிந்த உச்ச சுருதி எது என்பதைக் கனம் தீர்மானிப்பதில்லை, நீளமும் உலோகமும்தான் தீர்மானிக்கின்றன. போதாக்குறைக்கு, தடித்த கம்பி வளையும்போது அதிகம் சிரமப்படும்.

கம்பி பெரும்பாலும் அறுவது அப்படி வளைகிற இடத்தில்தான். பெடல் ஸ்டீலின் வலது கோடியில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே அசையும் ஓர் உலோக விரல் உண்டு. கம்பி அதன் உருண்ட தலைமேல் ஏறி இறங்கி, குண்டு முனையால் மாட்டிக்கொண்டிருக்கும். மிதியை மிதித்தால் விரல் ஒரு மில்லிமீட்டர் போலத் திரும்பும். அந்த ஒரு மில்லிமீட்டர் கம்பிதான் நேராக இருந்து வளைந்து, வளைந்து நேராகிறது. கட்டிங் பிளேயர் இல்லாத நேரத்தில் கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்போம் இல்லையா, அதையே காலால் மெதுவாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலின் தலையில் பழைய கம்பி அறுத்த பள்ளமோ பிசிறோ இருந்தால் ஆயுள் இன்னும் குறையும். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விடுவதும், மூன்றாம் கம்பியை அறுவதற்கு முன்பே மாற்றிவிடுவதும் இந்த வாத்தியக்காரர்களின் பழக்கம்.

டெக்சாஸில் அண்ணனுக்கு மாதக்கணக்கில் தாங்கிய கம்பி பாம்பனில் மூன்று வாரத்தில் தவிட்டு நிறமானது. அவர் கடைக்காரனைத் திட்டினார். திட்ட வேண்டியது காற்றை. இசைக்கம்பியில் கார்பன் அதிகமுள்ள எஃகின்மேல் ஒரு மெல்லிய வெள்ளீயப் பூச்சு மட்டும் இருக்கும். அதன்மேல் கடல்காற்று உப்பைத் தூவிவிட்டுப் போகிறது. சமையல் உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே தண்ணீர் இழுத்துக் கசியும். கடல் உப்பில் மக்னீசிய உப்பும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். மேல்காற்றான கச்சான் அடித்தாலும் கீழ்காற்றான கொண்டல் அடித்தாலும் இரண்டு பக்கமும் கடல் உள்ள எங்கள் தீவில் கம்பிக்குக் காய நேரமே கிடையாது. கைவியர்வை வேறு. இந்தக் கரையின் அரிப்பு எவ்வளவு கடுமை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமானால், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோகங்களை வெயிலிலும் உப்பிலும் போட்டுச் சோதிக்க இடம்பிடித்தது எங்கள் எதிர்க்கரையிலுள்ள மண்டபம் ஊரில். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் உப்போடு போராடியே வயதானது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனி வகைப் பூச்சும் போட்டார்கள். பாலத்துக்கே அந்தக் கதி என்றால் கால் மில்லிமீட்டர் கம்பி எம்மாத்திரம்?

துரு கம்பியை முழுக்கத் தின்ன வேண்டியதில்லை. ஒரு ஊசிமுனைப் பள்ளம் போதும். இழுவை முழுவதும் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் குவியும். பிளாஸ்டிக் பாக்கெட்டில் பல்லால் ஒரு சின்ன வெட்டு போட்டால் அப்புறம் சுலபமாகக் கிழிகிற மாதிரி. அதனால் எங்கள் பக்கம் வாசிக்கிறவர்கள், கேட்க நன்றாக இருக்கிறதே என்று பழுப்பேறிய கம்பியை விட்டுவைக்கக் கூடாது. வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியின் மேலும் கீழும் துடைத்து மூடிவைத்தால் நல்ல வித்தியாசம் தெரிகிறது. அண்ணன் இப்போது அரிசி டப்பாவில் வைக்கிற மாதிரிப் புதுக் கம்பிகளைக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்திருக்கிறார். மதுரைக்குப் போனாலும் 0.011 தனிக் கம்பி எளிதில் கிடைப்பதில்லை. 0.011இல் தொடங்கும் எலெக்ட்ரிக் கிட்டார் செட் ஒன்று வாங்கினால் அதன் முதல் கம்பி இதற்குப் பொருந்தும். மீதி ஐந்தும் பாடகர் குழுவுக்கு வந்துவிடுகின்றன, அதில் எனக்கு லாபம்.

இனி மாமாவின் கேள்விக்கு வருவோம்.

இழுபட்ட கம்பி ஒரு வில். எஃகு நீள்வது சொற்பம். மூன்றாம் கம்பி சுருதிக்கு வரும்போது தன் நீளத்தில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 7 மில்லிமீட்டர் போல நீண்டிருக்கும். அதில் தேங்கியிருக்கும் ஆற்றல், 50 கிராம் கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது உண்டாகிற அளவே. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் கம்பியின் எடை அரைக் கிராம்கூட இல்லை. அத்தனை ஆற்றலும் அந்த அரைக் கிராமுக்குள் போனால், அறுந்த முனை புறப்படும் வேகம் கணக்குப்படி விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். காற்று அதைச் சீக்கிரம் மட்டுப்படுத்திவிடும். ஆனாலும் இமை மூடுவதற்கு விநாடியில் பத்தில் ஒரு பங்காவது ஆகும், கம்பி அதற்குள் வந்து சேர்ந்துவிடும். முனையின் கனம் 0.28 மில்லிமீட்டர். கருவிழியின் மேற்படலம் நடுவில் அரை மில்லிமீட்டர் தடிமன். கிட்டார்க் கம்பி கருவிழியைக் குத்திய நேர்வுகள் கண் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

அறுந்த கம்பி எந்தப் பக்கம் பாயும் என்பது எங்கே அறுந்தது என்பதைப் பொறுத்தது. அறுந்த இடத்திலிருந்து, இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் முனையை நோக்கித்தான் அது ஓடும். வாசிக்கும்போது வலது கோடி உலோக விரல்மேல் அறுந்தால் நீளத் துண்டு இடப்பக்கம் சாவியை நோக்கிப் போகும். வழியில் எஃகு உருளையும், அதற்குப் பின்னால் கம்பிமேல் படிந்திருக்கும் இடது கையும் இருக்கின்றன. பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். குட்டைத் துண்டு வலது கைப்பக்கம் தங்கும். அங்கே விரல்களில் உலோக மீட்டிகள் மாட்டியிருந்தாலும் அவை விரலின் உள்பக்கத்தைத்தான் மூடும். புறங்கையும் நகக்கண்ணும் திறந்தே கிடக்கின்றன. ஒரு கீறல், ஒரு குத்து, அவ்வளவோடு போகும்.

முகம்தான் கவலை. தோளில் மாட்டும் கிட்டாரில் முகம் கம்பியை விட்டு விலகியே இருக்கும். பெடல் ஸ்டீலில் கம்பியை அமுக்கும் மெட்டுகள் (ஃபிரெட் பட்டைகள்) இல்லை, பலகையில் வரைந்த கோடுகள் மட்டும். உருளை கோட்டுக்கு நேர் மேலே இருக்கிறதா என்று பார்க்க நேர் மேலிருந்து பார்த்தாக வேண்டும், சாய்ந்து பார்த்தால் சுருதி பிசகும். வாத்தியமே ஆளைக் குனியச் சொல்கிறது. அப்படியிருந்தும் வாசிக்கும்போது பெரிய காயம் வருவது குறைவு. காரணம் மேலே சொன்ன இடது கை.

சுருதி ஏற்றும்போது அந்தக் கை கம்பிமேல் இருப்பதில்லை. கைகள் சாவியில், கண்கள் சாவியில், முகம் சாவிக்கு மேல். கம்பி மறுகோடியில் அறுந்தால் முழு நீளமும் சாவியை நோக்கி வரும். அன்றைக்கு அண்ணனுக்கு நடந்தது இதுதான். பெடல் ஸ்டீல் என்றில்லை, கிட்டார், வயலின், வீணை எதற்கும் இதே கணக்குதான். கம்பி மாட்டுகிற பத்து நிமிஷத்துக்கு முகத்தைக் கம்பியின் வரிசையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். சுற்று விழுவதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தாலே தெரியும். கம்பியின் நடுவில் ஒரு தோள்துண்டைப் போட்டுவிட்டு ஏற்றுவது இன்னும் நல்லது, அறுந்தாலும் துண்டின் எடை அதை அமுக்கிவிடும். படகில் வேலை செய்பவர்கள் இழுபட்ட கயிற்றின்மேல் சாக்கைப் போடுவதைப் பார்த்திருந்தும் இது எனக்குத் தோன்றவில்லை. மாமா சொல்லித்தான் புத்தி வந்தது.

அவருடைய தொழிலில் ஆபத்தின் அளவே வேறு. எஃகு நூற்றில் ஒன்று நீள்கிறது என்றால் நைலான் கயிறு அதைப்போலப் பல மடங்கு நீளும், அதற்கேற்ப ஆற்றலைத் தேக்கிவைக்கும். அது அறுந்து அடித்தால் கை கால் போகும், உயிரும் போகும். கிட்டார்க் கம்பி யாரையும் கொல்லாது. அதனாலேயே அதை யாரும் மதிப்பதில்லை.

கண்ணில் பட்டுவிட்டால் செய்யக் கூடாதவையே அதிகம். கசக்கக் கூடாது, அமுக்கிக் கட்டக் கூடாது, ஏதாவது குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது, குத்திய கண்ணைத் தண்ணீர் அடித்துக் கழுவவும் கூடாது. காகிதக் குவளை மாதிரி ஏதாவது ஒன்றை கண்ணில் அழுந்தாமல் மேலே வைத்து ஒட்டிக்கொண்டு கண் மருத்துவரிடம் போக வேண்டும். வலி குறைந்துவிட்டதே என்று காலைவரை காத்திருக்க வேண்டாம். சின்னத் துளை சில நேரம் அதிகம் வலிப்பதில்லை. கண்ணின் கருவட்டம் கோணலாகத் தெரிந்தாலோ பார்வை மங்கினாலோ ராமநாதபுரமோ மதுரையோ அன்றிரவே கிளம்ப வேண்டியதுதான். எங்கள் பக்கம் இன்னும் கண்ணில் தாய்ப்பால் விடுகிறவர்களும் விளக்கெண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். கீறிய கருவிழியில் அதெல்லாம் கிருமிக்கு விருந்து. கருவிழிப் புண்ணும் பூஞ்சைத் தொற்றும் தென்தமிழ்நாட்டில் சாதாரணமாக வருகிறவை. பார்வையைப் பறிப்பது பல நேரம் கம்பி இல்லை, அப்புறம் வரும் புண்.

கைக்கு வருவோம். நகக்கண்ணில் ஏறும் கம்பி முனை, கீறலைவிட மோசம். வாய் சின்னது, ஆழம் அதிகம், கழுவினாலும் உள்ளே தண்ணீர் போகாது. துருப்பிடித்த கம்பி என்றதும் எல்லாரும் டெட்டனஸுக்கான டி.டி. ஊசியை நினைப்பார்கள். போட்டுக்கொள்ளலாம், ஆனால் துரு அந்த நோயைத் தருவதில்லை. அந்தக் கிருமி மண்ணிலும் புழுதியிலும் இருப்பது, ஆழமான காற்றில்லாத குத்தில் வளர்வது. எங்கள் கரைக்கே உரிய கவலை இன்னொன்று உண்டு. ராத்திரி ஒத்திகையில் விரலைக் குத்திக்கொண்டவர் விடியக்காலையில் கடலில் கை நனைப்பார். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ இனக் கிருமிகள் உண்டு. திறந்த புண் வழியாக அவை ஏறினால், சர்க்கரை வியாதியோ ஈரல் கோளாறோ உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் கை வீங்கிக் கறுத்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடலுக்குப் போய்வந்த பிறகு குத்திய இடம் சிவந்து வலி ஏறிக்கொண்டே போனால் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

காலைச் சொல்ல மறந்துவிட்டேன். மேடையில் ஷூ போட்டு வாசிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது. நாங்கள் கோயிலுக்குள் வெறுங்காலில் நிற்கிறவர்கள், பாயில் உட்கார்ந்து பாடுகிறவர்கள். கம்பி மாட்டியதும் மிச்ச முனையைக் கட்டிங் பிளேயரால் நறுக்குவோம். அது தெறித்து எங்கோ போய் விழும், தெறிக்கும்போது கண்ணுக்கும் வரும். முனையைக் கையால் பிடித்துக்கொண்டு நறுக்கினால் தெறிக்காது. அது தெரியாமல் ஊசி நீளத் துண்டுகளைப் பல வருஷம் பாயில் விதைத்திருக்கிறேன். ஒரு பண்டிகைக்கு முந்தைய ஒத்திகையில் பாடகர் குழுச் சிறுமி ஒருத்தி உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பார்த்தால் நான் நறுக்கிப் போட்ட கம்பிதான்.

அதிலிருந்து, கெட்டுப்போன ஒரு ஸ்பீக்கரின் காந்தத்தைத் தங்கூஸ் நூலில் கட்டி, கம்பி மாட்டி முடித்ததும் பாயெல்லாம் இழுத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். எஃகு என்பதால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை மூன்று துண்டுக் கம்பியும் ஒரு சேஃப்டி பின்னும் வந்தன.